உளுந்தூர்பேட்டையில் ஊறிப்போன இரண்டு சீட்டுகள்

எழுது என்றாலே எனக்குப் பயம். அஞ்சாவது வரை படித்தவள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் கண்ணாடிப் புட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் பேர், ஊர், மணி, அவ்வளவுதான். இதில் பிழை இருக்கும். எந்த மாதம் எது நடந்தது என்பதும் எனக்கு இப்போது குழம்புகிறது. ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மறக்கவில்லை. அதிகம் பேசாதவளுக்குக் காதில் விழுந்தது அப்படியே நிற்கும்.

எழுதச் சொன்னது சாந்தி. நான் வேலை பார்த்த அதே கள்ளக்குறிச்சி தனியார் ஆஸ்பத்திரியில், அதே பரிசோதனைக் கூடத்தில் இப்போது இருக்கிற பெண். புதிதாகக் கோடு கோடாக அச்சடித்த சீட்டு வந்திருக்கிறதாம். மிஷினே படித்துக்கொள்ளுமாம். இனி யார் ரத்தமும் யாரோடும் மாறாதாம். "நீங்க இருந்தப்போ மாறியிருக்குதாக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் பேர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் அங்கே சேர்ந்தது தரை துடைக்க. அதற்கு முன்னால் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். என் கை சுத்தத்தைப் பார்த்து டாக்டரம்மா புட்டி கழுவ வைத்தார். புட்டியிலிருந்து ரத்தக் குழாய், குழாயிலிருந்து கையால் சுற்றும் சுழற்சி மிஷின் என்று ஐந்தாறு வருஷத்தில் பாதி வேலை என் கைக்கு வந்துவிட்டது. படிப்பு என்று யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்துப் படிந்ததுதான்.

டாக்டரம்மா வெளியூர்க்காரர். குழந்தை இல்லை என்று வருகிறவர்களைப் பார்ப்பவர். யாரையும் நம்ப மாட்டார். ஒரே கேள்வியை மூன்று விதமாக மாற்றிக் கேட்பார். முதலில் நின்றுகொண்டு கேட்பார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்பார். கடைசியாக வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கேட்பார். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால்தான் பேனாவால் எழுதுவார். அதுவரைக்கும் பென்சில்தான்.

அவருடைய சட்டம் ஒன்று: புருஷனின் புட்டி வந்தால்தான் பெண்டாட்டிக்கு வைத்தியம். விந்து பிடிக்கிற அந்தப் புட்டி என் பொறுப்பு. ஆண்பிள்ளைகள் முகத்தை நிமிர்ந்து பார்க்காத எனக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார். அகல வாய்ப் புட்டியைச் சோப்புப் போடாமல் கொதிநீரில் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, துணி சுற்றி வைத்திருப்பேன். சோப்பு துளி இருந்தாலும் உயிரணு செத்துவிடும். புட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இருமுவேன். புருஷன்காரர் அதை எடுத்துக்கொண்டு பின்பக்க அறைக்குள் போவார். நான் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். வந்ததும் புட்டியைச் சுற்றி ஒரு காகிதச் சீட்டு ஒட்டி, அதன் குறுக்கே அவருடைய இடது கட்டைவிரல் ரேகை. அவர் தரையைப் பார்ப்பார், நானும் தரையைப் பார்ப்பேன்.

ஏமாற்றுகிறவர்கள் நிறைய. புட்டியைத் தொட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். அப்போது வந்தது சூடாக, கட்டியாக இருக்கும். அரைமணி ஆனால்தான் இளகும். வடக்கனந்தல் பக்கத்து நிலக்காரர் ஒருவர் உள்ளே போய் உடனே வந்து நீட்டினார். புட்டி சில்லென்று தண்ணீராக இருந்தது.

"இன்னாங்க, அதுக்குள்ள தண்ணியாயிடுச்சி?" என்றேன் தரையிடம்.

"எந் தம்பியுதும்மா. காலையிலயே வாங்கியாந்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தந்தான?" என்றார் ரொம்ப நியாயமாக.

இப்படித்தான் நானும் டாக்டரம்மா மாதிரியே எல்லாரையும் சந்தேகப்படப் பழகினேன்.

ரத்தத்தில் ஆண் ஹார்மோன் பார்க்கிற வசதி அப்போது எங்கள் பக்கம் கிடையாது. மெட்ராஸுக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்டரம்மா மெட்ராஸ் பரிசோதனைக் கூடத்தையும் நம்ப மாட்டார். நோயாளியுடைய குழாயோடு இன்னொரு குழாயும் அனுப்புவார். அது எங்கள் வாட்ச்மேன் அய்யாக்கண்ணு அண்ணன் ரத்தம். நாலு பிள்ளை பெற்றவர். வேறு ஏதாவது ஒரு பேரை எழுதி அனுப்புவோம். அவர் கணக்கு ஒழுங்காக வந்தால்தான் மற்றதும் ஒழுங்கு. அய்யாக்கண்ணு அண்ணன் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டிக்கொண்டே சொல்வார்: "நாலு புள்ள பெத்ததுக்குத் தண்டன பாரு அஞ்சல. எம் ரத்தத்த மெட்ராஸு கொசுங்களுக்கு டிபன் கட்டி அனுப்புறாங்க."

இனி சடையன் விஷயம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஓர் ஊர். சாமையும் கடுக்காயும் அவர்கள் பிழைப்பு. சடையன், அவன் பெண்டாட்டி பச்சையம்மா, அவன் தாய் பெரியாயி, மூன்று பேரும் வந்தார்கள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம். சடையன் நல்ல உயரம், மூட்டை தூக்கிய தோள். ஆனால் முகத்தில் தாடி மீசை பேருக்குத்தான் இருந்தது. எவ்வளவு வெயிலானாலும் மார்பை மூடிய துண்டை எடுக்க மாட்டான். ஏன் என்று டாக்டரம்மா சோதித்தபோது தெரிந்தது. மார்பு லேசாகப் பருத்திருந்தது.

புட்டி இரண்டு தடவை வாங்கினோம். இரண்டும் சூடாக, அவன் கையிலிருந்து என் கைக்கு வந்தவை. நுண்ணோக்கியில் டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். ஓர் உயிரணுகூட இல்லை.

பெரியாயி ஒப்புக்கொள்ளவில்லை. "எம் மவன் ஒத்தையாளா ரெண்டு மூட்ட கடுக்கா தூக்குவான். அவனுக்கா இல்லன்ற?" என்று கேட்டவள், என் பக்கம் திரும்பினாள். "இதோ இந்த ஊமக்கோட்டான்தான் புட்டிய மாத்தியிருக்குது. இவளும் இந்தப் பச்சையும் மூலையில நின்னு குசுகுசுன்னு பேசிக்கினு இருந்தத நான் பாத்தேன்."

பேசியது உண்மை. பச்சையம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யக்கா, தை பொறந்தா வேற பொண்ணு கட்டப் போறாங்களாம். பேசி முடிச்சிட்டாங்க. எம்மேல குத்தமில்லன்னு ஊர்ல சொல்ல ஒரு சீட்டு கெடைக்குமா?"

டாக்டரம்மா பெரியாயியிடம் சொன்னார்: "புட்டியை நம்ப வேண்டாம். ரத்தத்தை நம்புவீங்களா? மெட்ராஸுக்கு அனுப்புறேன். ஆம்பளைக்குச் சுரக்க வேண்டியது கம்மின்னு வந்தா, உங்க மருமக மேல தப்பில்ல."

"கம்மின்னு வந்தா இவ இருக்கட்டும். சரியா இருந்துச்சின்னா இவ மூட்டையக் கட்டணும். ஊர்ல வச்சி சொன்ன மாதிரி சொல்றேன்," என்றாள் பெரியாயி. சடையன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரத்தம் எடுத்தோம். சுற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை மட்டும் தனிக் குழாயில் எடுத்துக்கொண்டேன். சடையன் குழாய் ஒன்று, அய்யாக்கண்ணு அண்ணன் குழாய் ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே நிறம்.

அது இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கடைகள் சாத்திக் கிடந்தன. கரண்டு போய்ப் போய் வந்ததில் குளிர்பெட்டி சூடாகிவிட்டது. இன்று பஸ் விடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். "இன்னைக்கே போ, வச்சிருந்தா கெட்டுடும்," என்றார் டாக்டரம்மா. சீட்டு ஒட்டக் கோந்து இல்லை. வாங்கக் கடையும் இல்லை. எங்கள் தெருவில் சுவரொட்டி ஒட்டப் பெரிய சட்டியில் மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு கரண்டி கேட்டு வாங்கி வந்து, அவரவர் ரேகை வைத்த சீட்டுகளை அதில் ஒட்டினேன். சுவரில் அந்தப் பசை மழைக்கும் நிற்கும், குழாயில் ஏன் நிற்காது என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

குளிர்பெட்டியில் மிச்சமிருந்த ஐஸைப் பிளாஸ்கில் போட்டு, இரண்டு குழாயையும் அதில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. நடந்துபோய்ச் சாத்தியிருந்த ஓர் ஓட்டல் வாசலில் உட்கார்ந்தேன். சாலையெல்லாம் லாரிகள். யாரைப் பார்த்தாலும் யாருக்கும் சந்தேகம். தடி வைத்திருந்த ஒருவர் வந்து, "நீ எந்த ஆளுங்கம்மா?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி ஆளுங்க," என்றேன்.

அவர் போனதும் ஒரு போலீஸ்காரர் வந்தார். "இன்னா அது, பிளாஸ்கு? பாட்டில் குண்டு கொண்டாந்துகினு இருக்கியா?"

"ரத்தத் தண்ணிங்க. மெட்ராஸு போவுது."

மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "மஞ்சளா இருக்குது, ரத்தம்ன்ற?" பிளாஸ்கை வாங்கி அப்படியே தரையில் கவிழ்த்தார். கரைந்த ஐஸ்தண்ணீரோடு இரண்டு குழாயும் உருண்டன. உடையவில்லை. அவருக்கே பாவமாகப் போய்விட்டது போல, மீன் ஏற்றி நின்ற லாரியிலிருந்து அவரே இரண்டு கட்டி ஐஸ் வாங்கிக்கொண்டு வந்து போட்டார்.

ஆனால் குழாய்களின் மேல் சீட்டு இல்லை. சீட்டு இரண்டும் கரைந்த பசையோடு தண்ணீரில் கிடந்தன. சடையன் பேர் ஒன்று, பொய்ப் பேர் ஒன்று, இரண்டிலும் ரேகை கலங்கிப் போய். எந்தச் சீட்டு எந்தக் குழாயுடையது?

ஒரு குழாயில் மஞ்சள் நீர் ஒரு நூல் உயரம் கூடுதலாக இருந்தது. சடையனுக்கு ரத்தம் நன்றாக வந்தது என்று ஞாபகம். அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து, என் சாப்பாட்டுத் தூக்கிலிருந்த சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினேன். சாயந்திரம் போலீஸ் வண்டி முன்னால் போக, பஸ்களை வரிசையாக விட்டார்கள். மறுநாள் காலையில் மெட்ராஸில் குழாய்களைக் கொடுத்தேன். திரும்பி வந்து டாக்டரம்மாவிடம், "குடுத்துட்டேங்கம்மா," என்று மட்டும் சொன்னேன். சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். மறுபடி கரும்புக் காட்டுக்குத்தான் போயிருப்பேன். வீட்டில் கண் தெரியாத அம்மா இருந்தாள்.

முடிவு ஐப்பசியில் வந்தது. வாட்ச்மேன் அண்ணனுக்குச் சரியான அளவு. சடையனுக்கு அதைப் போல இரண்டு பங்கு. கம்மி இல்லை, ஜாஸ்தி.

பெரியாயி ஆஸ்பத்திரி வாசலிலேயே சத்தம் போட்டுச் சிரித்தாள். "ரெண்டு பங்கு ஆம்பள! கேட்டுக்கினியாடி பச்ச? போ, மூட்டையக் கட்டு." பச்சையம்மா அழவில்லை. என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். "குழாய் ரெண்டும் மாறியிருக்குமா?" என்று நின்றுகொண்டு கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வழியில பிளாஸ்க்கை யாராவது திறந்தாங்களா?" என்றார். இல்லை என்றேன். அப்புறம் சுழற்சி மிஷினுக்கு எண்ணெய் போட்டாயா, அடுத்த வாரம் புட்டி வாங்க வேண்டும் என்று என்னென்னவோ பேசினார். எனக்குக் காதில் ஏறவில்லை. பச்சையம்மா பார்த்த பார்வைதான் நின்றது. மாறியிருந்தால், அந்த இரண்டு பங்கு அய்யாக்கண்ணு அண்ணனுடையது. என் சோற்றுப் பருக்கையால் ஒருத்தி வீட்டைவிட்டுப் போகிறாள்.

"அந்தச் சீட்டு ஏன் சுருங்கியிருந்துச்சின்னு மெட்ராஸ்ல கேட்டாங்க," என்று நடுவில் சொன்னார் டாக்டரம்மா.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மைதா, போலீஸ்காரர், மீன் ஐஸ், சோறு, ஒரு நூல் உயரம் என்று ஒன்றையும் விடாமல்.

அவர் திட்டவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னை நிறுத்தியிருப்பேன். இன்னைக்கு சொல்றே. ரிசல்ட் அந்தப் பொண்ணுக்கு விரோதமா வந்த பிறகு. அவ வீட்டுக்காரங்க சொல்லிக்குடுத்தாங்களா அஞ்சலை?"

என் வாழ்நாளில் அதைப்போல எதுவும் என்னைச் சுட்டதில்லை. உண்மையை மறைத்தபோது நம்பினார். சொன்னபோது நம்பவில்லை. "இல்லீங்கம்மா," என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வாய் வராது.

நம்பாவிட்டாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. பெரியாயியை உட்காரவைத்துப் பேசி இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சம்மதிக்க வைத்தார். இந்தத் தடவை குழாய்களின் கண்ணாடியிலேயே கண்ணாடி அறுக்கும் வைரத்துண்டால் கீறிக் குறி போட்டார். அவரே பஸ் ஏறிக் கொண்டுபோனார். ஆண் ஹார்மோனோடு, அதைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து வருகிற இன்னொரு ஹார்மோனையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

கார்த்திகையில் வந்தது. சடையனுக்கு மறுபடியும் இரண்டு பங்கு. மூளை ஹார்மோனும் ஜாஸ்தி. உளுந்தூர்பேட்டையில் நான் குருட்டாம்போக்கில் ஒட்டியது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

டாக்டரம்மா தடித்த புத்தகங்களோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் என்னை உட்காரச் சொன்னார். அதுவரை அவர் அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"ஹார்மோன் ரத்தத்துல சும்மா சுத்தினா போதாது அஞ்சலை. உடம்புல இருக்கிற கோடிக்கணக்கான செல்லுக்குள்ள போகணும். செல்லுக்கு நடுவுல ஒரு கரு இருக்கு. அங்க அதை வாங்கிக்கிற ஒண்ணு இருக்கு, ரிசப்டர்னு பேரு. ஹார்மோனை வாங்கிக்கிட்டு அதுதான் உத்தரவு போடும், தாடி முளைக்கட்டும், விந்து உண்டாகட்டும்னு. இவனுக்கு அது சரியா வாங்கலை. வாங்கலைன்னதும் மூளை பத்தலைன்னு நினைச்சு இன்னும் சுரக்கச் சொல்லுது. அதனாலதான் ரெண்டு பங்கு. மீந்துபோனதுல கொஞ்சம் பெண் ஹார்மோனா மாறுது, மார்பு பருக்குது." பென்சிலைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். "சந்தேகம்தான். நிரூபிக்கத் தோலை எடுத்துப் பார்க்கணும். அந்த வசதி இந்தப் பக்கம் எங்கேயும் இல்லை."

அந்த ரிசப்டருக்குத் தமிழில் ஏற்பி என்று சாந்தி இப்போதுதான் சொல்லித்தந்தாள்.

கடைசியாக, "இது தாய் வழியா வர்றது. அந்த அம்மாகிட்ட இதைச் சொல்லக் கூடாது," என்றும் சொன்னார்.

மூவரும் வந்தார்கள். டாக்டரம்மா பெரியாயிக்கு விளக்கினார்: "கம்பத்துல கரண்டு ஃபுல்லா இருக்கு. மோட்டார் இழுக்கலைன்னா தண்ணி வருமா?"

"எங்க மலையில ஏதும்மா கரண்டு? மோட்டார நான் எங்க கண்டேன்?" என்றாள் பெரியாயி. "ரத்தத்துல ரெண்டு பங்குன்னு ரெண்டு தபா நீயே சொல்லிட்ட. ரத்தம் சொன்னா கேக்கறேன்னு நானும் சொன்னேன். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

டாக்டரம்மா வேறு உதாரணம் தேடிப் புத்தகத்தைப் புரட்டினார். நான் கதவோரம் நின்றிருந்தேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

"யம்மா, உங்க ஊருல மொட்டப்பாறை இருக்குதுங்களா?"

"இல்லாத மலையா? இன்னாத்துக்குக் கேக்கற?"

"மழ பாறையில கம்மியாவும் காட்டுல ஜாஸ்தியாவுமா பேயுது?"

"மழைக்கு ஏதுடி அந்த வித்தியாசம்? எல்லாத்துலயும் ஒண்ணாத்தான் பேயும்."

"ரெண்டு மடங்கு பேஞ்சா பாறையில சாம வெளையுமா?"

"எப்பிடி வெளையும்? அது தண்ணியக் குடிக்கணுமில்ல."

"ரத்தத்துல இருக்கறது மழைங்கம்மா. ஜாஸ்தியாவே பேஞ்சிருக்குது. உள்ள அத வாங்கல. வெதைக்க வந்தவ மேல இன்னாங்க குத்தம்?"

நான் ஆஸ்பத்திரியில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதலும் கடைசியும். பெரியாயி கொஞ்ச நேரம் மடியிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து திறந்து மூடினாள். அப்புறம் டாக்டரம்மாவை நேராகப் பார்த்து, "அப்போ பாறை யாரு வூட்டுது? அவங்கப்பன் வழியா, எம் வழியா?" என்றாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை. "அது தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது," என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

அதுவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்த சடையன் பச்சையம்மாவிடம் திரும்பினான். "நீ போறதுன்னா போ. வேற வூட்டுக்குப் போனாலும் எனக்கு வருத்தமில்ல. எங்கிட்ட இருக்கறத உம்மேல போட்டு அனுப்ப மாட்டேன். தையில எந்தப் பொண்ணையும் நான் கட்டமாட்டேன்." பெரியாயி அவனை அதட்ட வாயெடுத்தாள். எடுத்தவள் சுருக்குப் பையை இழுத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பச்சையம்மா தரையிலிருந்த கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். "வெள்ளிமல பஸ்ஸு போயிடும். பேசிக்கினே நிக்காத, வா," என்றாள் அவனிடம்.

வழியனுப்ப வாசல்வரை போனேன். பெரியாயி மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தாள். "மலைக்குப் போவலீங்களா?" என்றேன். "எம் பொண்ணக் கீழ கட்டிக் குடுத்திருக்கேன். மாசமா இருக்குது, பாத்துட்டுப் போவணும்," என்றாள். முதல் தடவையாக என்னிடம் சிரித்துச் சொன்னாள்.

ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன், தாய் வழி என்றால் அந்தப் பெண்ணுக்கு ஆண்பிள்ளை பிறந்தால் என்ன ஆகும் என்று. அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "வரலாம், வராமலும் போகலாம். நானே சந்தேகத்துலதான் இருக்கேன். சந்தேகத்தைக் கொண்டுபோய் மாசமா இருக்கிறவ வீட்டுல கொட்டவா சொல்றே?" என்றார். நான் புட்டி கழுவப் போனேன். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. டாக்டரம்மாவும் இப்போது இல்லை, கேட்க.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் நான் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும். ஏற்பி என்று நான் எழுதியது அதுதானா? அது தாய் வழியாக வரும் என்று கேட்டது சரியா, நான் மாற்றி எழுதுகிறேனா? இப்போது அதை நிரூபிக்க வழி வந்திருக்கிறதா? அன்று பெரியாயி மகள் வயிற்றிலிருந்தது ஆணாக இருந்தால் அவனுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும். அவனுக்கும் ஒருத்தி வாழ்க்கைப்பட்டு வந்திருப்பாள். சாந்தி, உன் மேஜைக்கு ரத்தத்தில் ஜாஸ்தி, புட்டியில் ஒன்றுமில்லை என்று எவனாவது வந்தால், சீட்டு மாறிப்போனதோ என்று பார்ப்பதோடு விட்டுவிடாதே. அவன் தாய் பிறந்த ஊர் எது என்று கேள். மலை என்று சொன்னால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அவன் பெண்டாட்டியை முதலில் உள்ளே கூப்பிட்டுப் பேசு.